முனீஸ்வரன் உடம்பில் என் தலை

அன்பு அக்கா முருகேஸ்வரிக்கு, ஷார்ஜாவிலிருந்து தம்பி காளிராஜ். நீயும் மச்சானும் மருமகள் சிநேகாவும் சுகந்தானே? நான் ராஜபோகத்தில் இருக்கிறேன். இனி சொல்வதை மாரியூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நீ அனுப்பிய சிநேகாவின் காதுகுத்துப் படங்களை ரூம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எனக்குப் பதிலாக அவளை மடியில் வைத்திருந்த நம் சித்தப்பா மகன் முனீஸ்வரனின் தலையை எடுத்துவிட்டு, என் தலையை ஒட்டினேன். கம்பெனியில் எடுத்த படம்தான் கையில் இருந்தது. அதனால் தாய்மாமன் நான் மஞ்சள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பார்த்து அரபி முதலாளி தேம்பி அழுதார். ஊரே கடையடைத்து ஒட்டக விருந்து போட்டது. ரூமில் எல்லோருக்கும் அண்ணனான கீழக்கரை சீனி காக்கா மட்டும், "ஏலே, இது காது குத்த வந்த மாமனா, கரண்டு கம்பத்துல ஏற வந்த ஆளா?" என்றார்.

ஹெல்மெட் இல்லாத என் பழைய படம் வீட்டில் இருந்தால் போனில் எடுத்து அனுப்பு. பிள்ளையிடம் தினமும் காட்டி, "மாமா" என்று சொல்லிப் பழக்கு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அக்கா, முதலாளி அழுததும் ஒட்டகமும் பொய். தலையை மாற்றியது மட்டும் உண்மை. பிள்ளை அவன் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதனால் முனீஸ்வரனின் கையை அப்படியே விட்டுவிட்டேன்.