முந்நூற்றுப் பத்தாம் இடம்

மார்ச் 4, புதன்
கண் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் எழுத அனுமதி. மருமகள் வேலை பார்க்கும் சின்னப் பல்கலைக்கழகம், உலகத் தரவரிசையில் எண்ணூறுக்கு அப்பாலிருந்து ஒரே வருடத்தில் முந்நூற்றுப் பத்தாம் இடத்துக்கு வந்துவிட்டதாம். அதன் வாசலில் பேனர். மாணவர்கள் குறைவென்று அவளுடைய இயற்பியல் துறையை மூடப் பார்த்தார்கள்; இனி மூட மாட்டார்கள். அவள் முகத்தில்தான் சிரிப்பைக் காணோம்.

மார்ச் 5, வியாழன்
காரணம் கேட்டேன்.
"ஒரே ஒரு கட்டுரைதான் மாமா. எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி."
"மொத்தம் எத்தனை பேர்?"
"மூவாயிரத்துச் சொச்சம்."
கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பிறந்த கணமே மறைந்துபோகும் ஒரு துகளின் எடையை, எத்தனையோ நாட்டுக்காரர்கள் சேர்ந்து அளந்திருக்கிறார்கள்! அந்த ராட்சதக் கருவியின் ஒரு துண்டில் மின் இரைச்சல் புகாமல் பார்த்துக்கொண்டது எங்கள் வீட்டுப் பெண்.
மனைவி கேட்டாள்: "மூவாயிரம் பேர்ல ஒருத்தர இங்க அனுப்பக் கூடாதா? ஒட்டடை அடிக்க ஆளில்ல."

மார்ச் 7, சனி
கட்டுரையை அச்செடுத்துத் தந்தாள். பக்கம் பக்கமாகப் பெயர்கள், அகர வரிசையில். பூதக்கண்ணாடி வைத்து அவள் பெயரைக் கண்டுபிடித்தேன். முதலாமவர் என்று யாரும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. ஆயுசு முழுக்க வாத்தியாராக ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மார்ச் 9, திங்கள்
தரவரிசைக் கணக்கு எனக்குப் புரிந்தவரை: பல பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு பீரோவை, அதாவது கட்டுரையை, மாடிக்குத் தூக்குகிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முழு பீரோ தூக்கியதாக மதிப்பெண். பெரிய பள்ளியில் அது சராசரியில் கரைந்துவிடும். ஆறே பேர் படிக்கும் பள்ளியில்? பள்ளிக்கூடமே பயில்வான்!
"அச்சு அசல் அதேதான் மாமா."
ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஆள் தரும் அங்கத்து நர்சிங் துறைக்கு அந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. செவ்வாய்தோறும் அந்தப் பெண்களுக்கு இவள் எக்ஸ்ரே பாடம் எடுக்கிறாளே, அதற்கும் இல்லை. கூட்டலில் பிழை கிடையாது. எதைக் கூட்டுவது என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அம்மாடி, எவ்வளவு பெரிய அதிகாரம்!

மார்ச் 12, வியாழன்
நாளை பாராட்டு விழா. அவள் பேச வேண்டும்.
"உண்மையச் சொன்னா துறை போயிடும் மாமா. சொல்லலன்னா பசங்க முகத்த எப்படிப் பாக்கறது?"
"நன்றி சொல்லிட்டு இறங்கிடு" என்றான் மகன்.
நான் அவள் பேச்சு எழுத ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 13, வெள்ளி
சொல்லிவிட்டாள். "போன வருஷமும் இதே ஆறு மாணவங்க, இதே ரெண்டு ரூம்தான். நாங்க மாறல, கணக்குதான் மாறியிருக்கு." கைதட்டத் தூக்கிய கையைத் துணைவேந்தர் மடியில் வைத்துக்கொண்டாராம்.

மார்ச் 24, செவ்வாய்
தரவரிசை போடும் இன்னொரு கம்பெனியின் பட்டியல் வந்திருக்கிறது. அவர்கள் பீரோவை நாற்பதாகப் பங்கு போடுகிறவர்கள். அதே பல்கலைக்கழகம், அதே வருடம் — ஆயிரத்து நூறுக்கும் கீழே! பேனரை இறக்கிவிட்டார்கள். துறையை மூடலாமா என்று திங்களன்று ஆட்சிக்குழு கூடுகிறது. வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 30, திங்கள்
மூடுவது என்று கை தூக்கப் போன நேரத்தில் நர்சிங் துறைத் தலைவி எழுந்தாராம். "எங்க பொண்ணுங்களுக்கு எக்ஸ்ரே சொல்லிக்குடுக்கறது இவங்கதான். இவங்கள அனுப்பிட்டா யாரு வருவா? பட்டியல் போடறவரா?"
சிரிப்பு. பிறகு நீண்ட பேச்சு. துறை இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி
அவளுடைய ஆய்வகத்துக்குப் போனோம். அந்த பேனரைக் கேட்டு வாங்கி, திருப்பிக் கட்டியிருந்தாள். முந்நூற்றுப் பத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்து, வெள்ளைப் பக்கத்தில் புரொஜெக்டரால் படம் போட்டாள். பார்க்க ஆறு மாணவர்கள், நர்சிங் பெண்கள், துப்புரவுக்கார அம்மா, நாங்கள். இருட்டில் ஒரு கோடு வளைந்து, சட்டென்று முடிந்தது.
"இதான் மாமா, அந்தத் துகள் உடைஞ்சு சிதறினது விட்டுட்டுப் போன தடம்."
மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.
"என்னங்க, இன்னொரு தடவ போடச் சொல்லுங்க."