ஈரக் கதவில் ஒரு விரல்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று பொய்யில்லாமல் எழுத இப்போதுதான் முடிகிறது, அதனால்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பிய பெயிண்ட் அடிக்கும் மெஷின் வந்த அன்று உன் அப்பா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலமெல்லாம் பிரஷ் பிடித்தே நம்மை வளர்த்த மனுஷன், தோள்வலியை உன்னிடம் சொன்னது நான்தான் என்று என்மேல் எரிச்சல் வேறு. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுப்பவில்லை, கடைப் பலகைகளைப் பார்த்து நானே எழுத்துக் கூட்டக் கற்றவள், அதனால் எதையும் பாதியில் விடமாட்டேன், மெஷினோடு வந்த புத்தகத்தைப் படம் படமாகப் பார்த்து முடித்தேன். அவரோ வாசலில் நின்று, "இன்ஸ்பெக்டரம்மா பரீட்சைக்குப் படிக்கிறாங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்க அவர் பூட்டினார். பெயிண்டைப் பழைய துணியில் வடிகட்டினோம், உறிஞ்சும் குழாயை வாளிக்குள் விட்டோம், கீழே பழைய போர்வை விரித்தோம், முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பார்த்தோம், புகைபோல வந்து படிந்தது, அவர் முகத்தைப் பார்க்கணுமே. வாசல் கேட்டில் பாதி அடித்ததும் பெயிண்ட் பீச்சும் துப்பாக்கியின் மூக்கு அடைத்துக்கொண்டு எச்சில் துப்புவதுபோலத் துப்பியது. அவருடைய ஆள்காட்டி விரல் உனக்குத் தெரியும், பிரஷ் நுனியில் சொட்டு நின்றால் அதால்தான் வழிப்பார், சுவர் காய்ந்ததா என்று கண்ணை நம்பாமல் அதைத்தான் கேட்பார், உனக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த ஒரு விரலைத்தான் நெற்றியில் வைப்பார். அந்தப் பழக்கத்தில், விரல் படாமலிருக்க மூக்கைச் சுற்றி மாட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் காப்பைக் கழற்றிவிட்டு, அதே விரலால் வழித்தார். மற்றக் கை துப்பாக்கியின் விசைமேலேயே இருந்தது, அழுத்திவிட்டது.

ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அவ்வளவுதான், ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. அவர் சிரித்தார், பக்கத்து வீட்டிலிருந்து வந்த உன் அத்தையும் சிரித்தாள். நான் மட்டும் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அந்த அழுத்தத்தில் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள் விரலே அழுகும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று புத்தகத்தில் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தது. நான் வண்டியைக் கூப்பிட்டு அவரைத் தள்ளி ஏற்றினேன், என்ன பெயிண்ட் என்று கேட்பார்களே என்று டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அத்தை உனக்குப் போன் போட்டுவிட்டாள், நீ என்னைக் கூப்பிட்டு, "எறும்பு கடிச்சதுக்கெல்லாம் ஊரைக் கூட்டாதம்மா, கொஞ்சம் அடங்கி இரு" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். டாக்டரம்மா விரலைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், உடனே ஆட்களைக் கூப்பிட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார், அன்றைக்கே கீறிக் கழுவினார்கள். விரலை எடுக்க வேண்டியிருக்காது, ஆனால் தொட்டால் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டு உன் அப்பா, "அப்புறம் அது எதுக்கு, மோதிரம் மாட்டவா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு நீ போனில் அழுதுகொண்டே, எல்லாம் என்னால்தான், அதை வித்துடும்மா என்றாய். உன்னால் இல்லை கண்ணு, அவர் தோளை நினைத்துத்தான் அனுப்பினாய், அதை மனசில் போட்டு உருட்டாதே. ஆனால் விற்கமாட்டேன். மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை, அதை விற்றால் எங்கள் விரலோடு முடிகிற சங்கதி இன்னொரு வீட்டுக்கும் போகும். நீ உனக்காக வாங்கிய இன்னொரு மெஷினையும் பயந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டதாக மருமகள் சொன்னாள், எடு. குழந்தையின் அறைக்கு அடிக்கும்போது ஜன்னலைத் திற, குழந்தையை வேறு வீட்டில் விடு, முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் போடு, சுவரிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவே தள்ளி நின்று கையை நேராக நகர்த்து, நகர்த்திக்கொண்டே விசையை அழுத்து, நின்ற இடத்தில் அழுத்தினால் வழியும். அடைத்துக்கொண்டால் முதலில் மெஷினை நிறுத்து, திருகைத் திருப்பி அழுத்தத்தை இறக்கு, துப்பாக்கியை வாளிக்குள் நீட்டி மிச்சத்தையும் விடு, விசையைப் பூட்டு, அதற்குப் பிறகுதான் மூக்குப் பக்கம் கை. மஞ்சள் காப்பு இல்லாமல் அடிக்கவே கூடாது.

பாதியில் நின்றுபோன கேட்டை இன்று காலை நானே அடித்தேன். கட்டுப் பிரித்த கையோடு உன் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பிரஷரை இறக்கினியா? பூட்டினியா? ஒழுங்கா பாத்தியா?" என்று பிராணனை வாங்கினார், இப்போது யார் இன்ஸ்பெக்டர் என்று கேட்டேன். நான் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது தெருவைப் பார்த்தபடியே பழக்கத்தில் அந்த விரலைக் கேட்டில் வைத்தார். திட்ட வாயைத் திறந்தேன். "இன்னும் காயல, ஜில்லுன்னு இருக்கு" என்றார் யாருக்கோ சொல்வதுபோல. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, விரலைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி வைத்தார், பக்கத்தில் இன்னொரு தடவை வைத்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன், என் முகத்தை அவர் பார்க்க வேண்டாம்.

கேட்டில் அந்த விரல் தடம் அப்படியே இருக்கிறது. அசிங்கமாக இருக்கிறது, ஒரு கை அடித்துவிடு என்கிறாள் அத்தை. நான் இருக்கும்வரை அதன்மேல் யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். அழுத்தத்தை இறக்காமல் மூக்கைத் தொடாதே.

இப்படிக்கு,
அடங்கி இருக்காத உன் அம்மா