ஞாயிறு வரை பொறுக்காத செய்தி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். முழுவதும் சாப்பிடுங்கள். நான் நலம்.

விடுதிப் பள்ளிகளுக்கான ரோபோ போட்டியில் என் மாணவிகள் இரண்டாம் பரிசு வாங்கினார்கள். தரையில் வரைந்த கோட்டை சென்சாரால் பார்த்துத் தானே ஓடும் சின்ன வண்டிதான் எங்கள் ரோபோ. போட்டியின்போது ஜன்னல் வெயில் சென்சாரில் பட்டு, வண்டி அந்தக் கோட்டிலிருந்து விலகியது. ஆசிரியர் உதவக் கூடாது என்பது விதி. என் பொறுமைதான் தெரியுமே, வாயைத் திறந்தேன்.

"சார், சும்மா இருங்க! நம்மள வெளிய அனுப்பிடுவாங்க!"

அதட்டிய அணித்தலைவி, தன் கறுப்பு சாக்ஸைக் கழற்றி சென்சாருக்குத் திரையாக மாட்டினாள். வண்டி ஒழுங்காக ஓடியது.

இங்கே பிள்ளைகள் ஞாயிறு மட்டும்தான் வீட்டுக்குப் பேசலாம். அன்று புதன். அவள் தவிப்பதைப் பார்க்க முடியாமல் என் போனைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, ரெண்டாவது பரிசு!"

"அடி சக்க! எப்படிம்மா?"

சாக்ஸ் கதையை அவள் முழுக்கச் சொன்னாள். அவர் அலுக்காமல் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

விடுதிக் காப்பாளர் விளக்கம் கேட்டார். 'விதி தெரியும், தெரிந்தே கொடுத்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். முறைத்ததோடு சரி, வேலைக்கு ஆபத்தில்லை.

அம்மாவிடம் என் பழைய போர்வையை அனுப்பச் சொல்லுங்கள், இங்கே தந்தது குத்துகிறது. அப்புறம், நான் போன் செய்தால் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று உடனே கொடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நீங்களும் பேசுங்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்