இடம் மாறிய வலி

அக்கா,

இன்று காலை கைப்பையைத் துப்பரவு செய்தபோது, நாலாய் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. வென்ட்வேர்த்வில்லிலிருந்து பரமட்டா வரை எந்தெந்தத் தெருவில் கழிப்பறை திறந்திருக்கும் என்று நீங்கள் எழுதித் தந்த பட்டியல். பஸ் ஓட்டிய உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றும் அறையில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் அமர்ந்து பழகினோம். இருவருக்கும் குரோன்ஸ், குடலைப் புண்ணாக்கும் அதே நோய். உங்களுக்குச் சிறுகுடலின் கடைசித் துண்டை முன்பே வெட்டி எடுத்திருந்தார்கள். வீட்டாரிடம் சொல்லக் கூசியதை எல்லாம் நமக்குள் சொல்லிக்கொண்டோம். "வெக்கப்பட்டா இந்த வருத்தத்தோட சீவிக்கேலாது" என்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"சாப்பிட்டாப் பிறகு நோகுது. இந்த முறை மேல, வலப்பக்க விலாவுக்குக் கீழ. தோள்மூட்டு வரைக்கும் இழுக்குது."

"அது எங்கட பழைய ஆள்தான் அக்கா, குடல்தான். கஞ்சி குடிச்சிட்டுப் படுங்கோ."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்."

என்னை நம்பினீர்கள். செவ்வாய்க்கிழமை கண் மஞ்சளாகி, குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தக்கல் குழாயை அடைத்து, கிருமி இரத்தத்தில் பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இல்லை.

பிறகு என் டொக்டரிடம் கேட்டேன். குடலின் அந்தக் கடைசித் துண்டுதான் பித்த உப்பை உறிஞ்சித் திருப்பி ஈரலுக்கு அனுப்புமாம். அது பழுதானாலோ இல்லாமற்போனாலோ கல் உண்டாகும் வாய்ப்புக் கூடவாம். ஸ்கேன் எடுத்தார்கள், எனக்குள்ளும் கல் இருந்தது. வலி வருமுன்னே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். நல்லகாலம் என்றார்கள் எல்லோரும். உங்களுக்கு நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தாளைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பின்னேரம் உங்கள் வீட்டுக்குப் போய், குசினியில் நின்ற உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேத்திலை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் சொன்னவ, இது வேற மாதிரி நோகுதெண்டு," என்றார். "படுக்கச் சொல்லிப்போட்டு நான் கிரிக்கெட் பாத்துக்கொண்டிருந்தனான். பிள்ளையளுக்கும் இதைச் சொல்லேல்ல."

நாங்கள் அழவில்லை, அக்கா. இரண்டு கதிரைகளை இழுத்துப்போட்டு இருந்தோம். "இந்த முறை மேல" என்று நீங்கள் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்றுதான் தெரிந்தது, அவர் காதிலும் அது இருக்கிறதென்று.