மயக்கத்தில் எடுத்த அளவு

மார்ச் 4

அக்காவுக்கு,

அப்பா இப்போதெல்லாம் சாதுவாகிவிட்டார் என்று எழுதியிருந்தாய். நல்லது.

என் வேலை என்னவென்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். இது மூன்றாவது தடவை. எலியின் மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் சுரக்கிறது. ஆசைப்பட்டு எழுந்து நடக்க அது வேண்டும். அதைச் சுரக்கும் செல்களை அடக்கிவைக்கும் சமிக்ஞை ஒன்று உண்டு, பிரேக் மாதிரி. பிரேக்கைத் தடுத்தால் டோபமைன் எவ்வளவு கூடுகிறது என்று அளக்கிறேன். அவ்வளவுதான். அப்பாவின் தூக்கத்துக்கு இதில் மருந்தெல்லாம் வராது.

தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தலையசைத்தார். ரேடியோ செய்தியோடு சண்டை போடுகிற மனுஷன், இப்போது அது ஓடுகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. வயசானால் அப்படித்தான் போல. தையல் கடை, வீடு, அவர் என்று எனக்கும் இடுப்பு ஒடிகிறது. எப்போது வருவாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் எலிகளை யார் பார்த்துக்கொள்வது என்பாய்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

ஏழு மாத வேலை வீண். எலி அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்து அளந்தேன். அந்த மருந்தே பிரேக்கை அழுத்துகிற வகை. விழித்திருக்கும் எலியில் அளந்தால் எண்ணே வேறு. "தூங்குற எலியப் பாத்துட்டு, இது சாதுன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கீங்க" என்றார் பேராசிரியர்.

பஸ்ஸில்தான் உறைத்தது. அப்பாவுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்களே, அதுவும் அனேகமாக அதே பிரேக்கைத்தான் அழுத்தும். தினம் எத்தனை கொடுக்கிறாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

படுக்கும்முன் அரை மாத்திரை என்றுதான் சீட்டில் இருக்கிறது. ஒருநாள் கடையில் அவசர வேலை. காலையிலும் ஒன்று கொடுத்தேன். அன்று மதியம்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் கை தானாக டப்பாவுக்குப் போனது. இப்படி ஐந்து மாதம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சட்டென்று நிறுத்தக்கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். நேற்று ரேடியோவைப் பார்த்து "புளுகுறான்" என்றார் அப்பா. நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

திட்டி எழுது.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். பழைய கடிதம் ஞாபகம் வந்தது. சாதுவாகிவிட்டார் என்றதும் 'நல்லது' என்று எழுதியவன் நான்தான்.

எலிகளை வேறொருவரிடம் ஒப்படைத்தாயிற்று. மே பன்னிரண்டாம் தேதி வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன். அவர் கூப்பிட்டால் நான் போகிறேன்.

நீ தூங்கு.

தம்பி