அத்தாவுக்கு ஒரு பக்கம்

மச்சான்,

இன்று நம் பழைய தளத்தை வேறு சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கங்களின் வரிசையில் 'ரயில் நேரம்', அதற்கு அடுத்து 'பெரியவரைத் தேடுகிறோம்'. திறந்தால் என்னைப் பெற்ற அத்தாவின் படம். அடப்பாவி, நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது!

ராஜகீழ்ப்பாக்கத்தில் உன் வீட்டு மாடியிலிருந்து தாம்பரத்துக்காக நாம் நடத்திய தளம். மின்தடை, தண்ணீர் லாரி, வாடகை வீடு என்று ஊர்ச் செய்திகளாகப் போட்டுத் தள்ளுவோம். மறதி முற்றியிருந்த அத்தா ஒருநாள் தொழப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலைந்துவிட்டு, படத்தோடு செய்தி போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் சேலைக் கண்காட்சியும் மின்தடையும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. முகப்பில் அத்தா இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இன்னா மச்சான் நீ! செய்தியா போட்டா புதுசு வந்து அமுக்கிடும். தனிப் பக்கமா போடு, அது எங்கயும் போவாது" என்றாய். நிலையான பக்கம் ஒன்றை உருவாக்கி மெனுவிலும் சேர்த்தாய். அதன்பின் தளத்தில் எதைத் திறந்தாலும் உச்சியில் 'பெரியவரைத் தேடுகிறோம்' என்ற வரி நின்றது.

அன்று சாயங்காலமே போன் வந்தது. ஊரப்பாக்கத்தில் பிரவுசிங் சென்டர் ஒன்றில் ரயில் நேரம் பார்க்க நம் தளத்தைத் திறந்த பெண். "அண்ணா, இவர் இங்க ஸ்டேஷன்ல உக்காந்துருக்காருண்ணா. காலைலயும் பாத்தேன். சீக்கிரம் வாங்க." உன் வண்டியில் பறந்தோம். என்னைப் பார்த்ததும் அத்தா, "சாப்டியாப்பா?" என்றார். யா அல்லாஹ்! முகம் தெரியாத ஒருத்தி கண்ணில் அந்த ஒரு வரி பட்டதை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

மறுநாள் அந்தப் பக்கத்தை அழிக்கப் போனேன். மவுஸைப் பிடுங்கிக்கொண்டாய். "டேய், பாத்தவங்கல்லாம் இன்னும் தேடிக்கினு இருப்பாங்கடா. கெடச்சிட்டாருன்னு சொல்ல வேணாவா?" படத்துக்குக் கீழே எழுதினாய்: 'பெரியவர் கிடைத்துவிட்டார். வீட்டில் நலம். தேடியவர்கள் நிம்மதியாக இருங்கள்.' யாரென்றே தெரியாதவர்களின் கவலை உனக்குத் தோன்றியதே, என்ன மனசுடா அது!

அன்றிலிருந்து எனக்காகக் கவலைப்பட்ட யாரையும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கடைசியாகக் கேட்டது, "அத்தாவ தனியா வுட்டுட்டா வந்தே?" நான் வாய் திறப்பதற்குள் உனக்கு நினைவு தப்பிவிட்டது. அதன்பின் நீ கண் திறக்கவே இல்லை.

இல்லை மச்சான். தங்கச்சி அவரோடு இருந்தாள். அத்தா இன்றும் நலம். நீ நிம்மதியாக இரு.