கூடாரக்காரர் கொடுத்த பை

மார்ச் 2

அன்பு மருமகள் வாலுவுக்கு மாமா எழுதுவது.

நீ ரயிலேறிய அன்றே எழுத உட்கார்ந்தேன். கடையில் ஆள் மேல் ஆள். உன் முதுகுப்பையைத் தைத்த கை எது என்று கேட்டு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நேற்று ஒரு ராணுவ அதிகாரி வந்து, "ஐயா, எங்க ஆளுங்களுக்கு இதே மாதிரி ஆயிரம் தச்சுக் கொடுங்க" என்று கெஞ்சினார். முடியாது என்றுவிட்டேன். வந்தது சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்க வந்த வாட்ச்மேன் என்கிறாள் உன் அத்தை. காக்கிச் சட்டையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா.

மலையேறும் முன் அந்த நகரத்தில் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும் என்றாய். நல்லது. நானும் வாலிபத்தில் மலை ஏறியவன். உச்சிக்கு நாலடி இருக்கும்போது கூட வந்தவனுக்கு வயிறு சரியில்லை, இறங்கிவிட்டோம். இல்லாவிட்டால் அந்த மலைக்கே என் பெயரை வைத்திருப்பார்கள். ஆகவே எந்தச் சந்தேகமானாலும் என்னைக் கேள், கண்டவன் பேச்சைக் கேட்காதே. பையைப் பற்றி யாராவது கேட்டால், "எங்க மாமா தச்சது" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்.

இப்படிக்கு,
ஊரே தேடிவரும் உன் மாமா


மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். விடுதி அறையில் நாலு பேர், நாலு மூட்டை, ஒரே ஜன்னல். கட்டில் கம்பியெல்லாம் ஈரக் காலுறை தொங்குகிறது.

எதிரே கூடாரம், கயிறு, முதுகுப்பை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று. கடைக்காரரை எல்லாரும் கூடாரக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்களைவிடப் பத்து வயது சின்னவர். கூடாரக்காரரோடுதான் தினமும் காலையில் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில் நடக்கிறோம். ஏறும்போது எப்படி மூச்சு விடுவது என்று கூடாரக்காரர் காட்டினார். பேச ஆரம்பித்தால் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

உங்கள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரு தச்சது? தையல் இரும்பாட்டம் இருக்கே" என்றார். பிறகு என்னை மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சுற்றிவந்து பார்த்தார். "முழுச் சுமையோட ஒருதரம் குன்றேறிப் பாரும்மா" என்றார், அவ்வளவுதான். நாளைக்கோ மறுநாளோ ஏறுவேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாலு


மார்ச் 8

மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது, கூடாரக்காரர் புராணம். வரிக்கு வரி அவன்தான். மாமா என்பது மேலே ஒன்று, நடுவில் மருந்துக்குக்கூட இல்லை. உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "வயித்தெரிச்சல்லயே வெந்து போயிடப் போறீங்க" என்று சிரிக்கிறாள். எனக்கு எதற்கு வயிற்றெரிச்சல்? பை தைப்பவன் எங்கே, அதை வாடகைக்கு விடுபவன் எங்கே.

மூச்சுவிடக் காட்டினானாம். பிறந்ததிலிருந்து நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? பையை மாட்டச் சொல்லிச் சுற்றி வந்தானாம். ஒன்றும் சொல்லாமல் பார்க்கிறவனைத்தான் நம்பக் கூடாது. வாடகைப் பை என்பது ஊரார் முதுகு வேர்வை, தெரிந்துகொள்.

நீ ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது முதல் பை தைத்தது யார்? அதே வெட்டுதான் இதற்கும், அளவை மட்டும் பெரிதாக்கினேன். அன்றைக்கு உனக்குத் தோள் வலித்ததா? குதித்துக்கொண்டுதானே போனாய். என் பையோடுதான் நீ மலை ஏறுகிறாய். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
உனக்கு இருக்கும் ஒரே மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன். அதனால் எழுதுகிறேன்.

முழுச் சுமையோடு குன்றேறினேன். பாதிக்கு மேல் முடியவில்லை. வார் அழுத்தி இரண்டு தோளும் கன்றிப்போய், கை மரத்துவிட்டது. தையலில் ஒரு நூல்கூட விடவில்லை, மாமா. ஆனால் பாரமெல்லாம் அடியில் இறங்கி ஆளைப் பின்னால் இழுக்கிறது. ஒன்றாம் வகுப்பில் அந்தப் பையில் நாலு புத்தகம்தானே இருந்தது. இடுப்பில் பட்டை கட்டினால்தான் சுமை தோளை விடுமாம்.

மலையில் மூன்று வாரம் நடக்க வேண்டும். இப்படியே போனால் என்னைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடாரக்காரர் ஒரு பையை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். நான் இன்னும் வாங்கவில்லை. கடை வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நீங்கள் தைத்தது எனக்குத் தெரியும். பதினாறாம் தேதி காலையில் புறப்படுகிறோம். உங்கள் பைதான் என்றால் அதையே சுமக்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.

வாலு


மார்ச் 13

வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த சூட்டில் ஒரு பதில் எழுதினேன். என் பைதான், மறுபேச்சு கிடையாது என்று. உன் அத்தை அதைப் பிடுங்கி அடுப்படியில் வைத்துக்கொண்டு, "முதல்ல நீங்க தூக்கிப் பாருங்க" என்றாள்.

எனக்கென்ன பயம்? உன் பைக்கு முன்னால் வெள்ளோட்டமாகத் தைத்தது ஒன்று கடையில் கிடந்தது. தையல் மெஷின் தலையையும் ரெக்சின் சுருளையும் அதில் திணித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு நடந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. சிங்கம் மாதிரி ஏறினேன். நடுவில் உட்கார்ந்தது களைப்பால் இல்லை, ஊரைப் பார்க்க. திரும்பும்போது பையை எதிர்வீட்டுக்காரர் தூக்கி வந்தார், அவர் ஆசைப்பட்டுக் கேட்டதால். வலியெல்லாம் ஒன்றுமில்லை. கையைத் தூக்கிச் சட்டை போடத்தான் முடியவில்லை. அத்தை தைலம் தடவுகிறாள், ஒன்றும் பேசாமல். அதுதான் அதிகம் எரிகிறது.

அந்த மனிதர் பையையே வாங்கிக்கொள். என் பையை விடுதியிலேயே விட்டுவை. அவர் கடையில் வைத்தால் தையலைப் பார்த்துக் காப்பியடித்துவிடுவார். இடுப்புப் பட்டையை நீயே கட்டப் பழகு, எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காதே.

என் பை பாரத்துக்கு மலை சரிந்துவிடும் என்று அரசாங்கமே தடை போட்டுவிட்டதாகத் தெருவில் சொல்லியிருக்கிறேன். நீ வந்து மாற்றிச் சொல்லிவிடாதே.

இறங்கி வந்ததும், அந்தப் பை உனக்கு எங்கெங்கே நோகவைத்தது என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. ஓர் இடத்திலாவது நொந்திருக்கும். எங்கேயுமே நோகவில்லை என்றால் எழுத வேண்டாம். நேரே வீட்டுக்கு வந்துவிடு.

மாமா